ஒரு குழு, ஒரு மரம், 30 நிமிடம்: வேடந்தாங்கலில் ஏழாம் வகுப்பின் தை மாத மாலை

தை பிறந்ததும் வேடந்தாங்கலை நோக்கிப் பள்ளிப் பேருந்துகள் வரத் தொடங்கிவிடும். பல பள்ளிகளின் பயணம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். காலை எட்டு மணிக்குக் கிளம்பி, வழியில் இட்லி சாப்பிட்டு, பதினொரு மணிக்கு ஏரிக்கரையில் இறங்குவார்கள். இருவர் இருவராகக் கைகோத்துக் கரையில் ஒரு நடை நடந்து, பார்வைக் கோபுரத்தில் ஏறி இறங்கி, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். ஒன்றரை மணிக்குப் பேருந்து வண்டலூருக்கோ மாமல்லபுரத்துக்கோ கிளம்பிவிடும். மறுநாள் கட்டுரை நோட்டில் ‘பல நாட்டுப் பறவைகளைக் கண்டு களித்தோம்’ என்று நாற்பது பேரும் எழுதுவார்கள். அவர்கள் பார்த்ததோ தூரத்து மரங்களில் வெள்ளை வெள்ளையாகச் சில புள்ளிகள்.

குறை பிள்ளைகளிடமும் இல்லை, பறவைகளிடமும் இல்லை. போன நேரம் சரியில்லை, அங்கே செய்வதற்கென்று ஒரு வேலை கொடுக்கப்படவில்லை. இந்த இரண்டையும் திருத்தினால் அதே ஏரி, அதே வகுப்பு, அதே பேருந்துச் செலவில் முற்றிலும் வேறான ஒரு நாள் கிடைக்கும். அதை ஒரு நிகழ்வாக வைத்துப் பார்ப்போம்: தாம்பரம் பக்கத்துப் பள்ளி ஒன்று, ஏழாம் வகுப்பில் 40 பேர், உடன் வரும் பெரியவர்கள் 6 பேர், ஒரு பேருந்து, ஓர் அரை நாள்.

இடம்

வேடந்தாங்கல் ஏரி செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகம் வட்டத்தில் உள்ளது. ஜி.எஸ்.டி. சாலையில் படாளம் கூட்டுச்சாலையில் மேற்கே திரும்ப வேண்டும். ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். ‘தாங்கல்’ என்றாலே சிறிய ஏரி என்று பொருள். இவ்வளவு சின்ன ஏரியில் ஆயிரக்கணக்கான பறவைகள் கூடு கட்டுவதற்குக் காரணம், தண்ணீருக்குள்ளேயே நிற்கும் நீர்க்கடம்பும் கருவேலமும். மரத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்வரை நாயும் பூனையும் கூட்டை எட்ட முடியாது. சுற்றிலும் நெல்வயல்களும் வேறு ஏரிகளும் இருப்பதால் மீனுக்கும் நத்தைக்கும் தவளைக்கும் பஞ்சமில்லை.

ஆக, இங்கே எல்லாம் வடகிழக்குப் பருவமழையைப் பொறுத்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையில் ஏரி நிரம்பி, மரங்களைச் சுற்றித் தண்ணீர் ஏறினால்தான் பறவைகள் தங்கும். நவம்பரில் வரத் தொடங்கி, டிசம்பர், ஜனவரியில் கூடு கட்டி முட்டையிட்டு, மார்ச்சுக்குள் குஞ்சுகளைப் பறக்கவிடும். மாணவர்களை அழைத்துப் போக ஏற்ற காலம் ஜனவரி நான்காம் வாரம் முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை. அப்போது அடைகாக்கும் பறவை, பஞ்சுபோன்ற குஞ்சு, பறக்கப் பழகும் இளசு என எல்லாப் பருவமும் ஒரே மரத்தில் காணக் கிடைக்கும். பொங்கல் வாரம் மட்டும் கூடவே கூடாது. காணும் பொங்கலன்று கரையில் கால் வைக்க இடமிருக்காது.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு வனத்துறை அலுவலகத்தோடு பேசிவிட வேண்டும். மூன்று கேள்விகள் போதும். மரங்களைச் சுற்றித் தண்ணீர் நிற்கிறதா? கரைக்கு நெருக்கமான மரங்களில் எந்தப் பறவைக்குக் குஞ்சு இருக்கிறது? அதே நாளில் வேறு எத்தனை பள்ளிகள் வருகின்றன? முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் பயணத்தை நிறுத்திவிடலாம். மழை பொய்த்த ஆண்டில் காய்ந்த ஏரியைக் காட்டிவிட்டு வருவதைவிட, பள்ளிக்கு அருகில் தண்ணீர் உள்ள ஓர் ஏரிக்கு, பின்னால் சொல்லப்போகும் குறிப்புத் தாளோடு நடந்து போவது மேல்.

ஏன் மாலை நேரம்

பறவை பார்க்க விடியற்காலையே நல்லது என்பது பொதுவான பேச்சு. தனி ஆளுக்கு அது சரி. 40 பிள்ளைகளுக்குச் சரிவராது. ஆறரை மணிக்குக் கரையில் நிற்க வேண்டுமானால் நான்கரை மணிக்குப் பேருந்து கிளம்ப வேண்டும், அதற்காகப் பிள்ளைகள் மூன்றரை மணிக்கு எழ வேண்டும். தை மாதப் பனிமூட்டத்தில் நெடுஞ்சாலையில் எதிரே வரும் வண்டி தெரியாது. வெறும் வயிற்றில் ஏறியவர்களில் நான்கைந்து பேர் வாந்தி எடுப்பார்கள். வந்து சேர்ந்தாலும் ஏரி மேல் பனி கலைய எட்டு மணி ஆகலாம்.

காலை பதினொரு மணி இதைவிட மோசம். இரை தேடும் பறவைகள் வயலுக்குப் போயிருக்கும், மற்றவை அசையாமல் நிற்கும்.

பிற்பகல் இரண்டரை மணிக்கு வந்தால் இரண்டு வேறுபட்ட காட்சிகள் கிடைக்கும். மூன்று மணி வெயிலில் தாய்ப்பறவை சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் தருவதைப் பார்க்கலாம். ஐந்து மணிக்கு மேல் வெளியே போனவை கூட்டங்கூட்டமாகத் திரும்பும். சரணாலயம் மாலை ஆறு மணிக்கு மூடப்படும். ஜனவரியில் சூரியன் மறைவதும் ஏறத்தாழ அப்போதுதான் என்பதால் எதையும் தவறவிட மாட்டார்கள்.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். 12.00 மணிக்குப் பள்ளியிலேயே சாப்பாடும் கழிப்பறையும். 12.30-க்குக் கிளம்பினால், பரனூர் சுங்கச்சாவடி நெரிசலையும் சேர்த்து 2.15 வாக்கில் சேரலாம். 2.40 முதல் 5.45 வரை கரையில். வீடு திரும்ப எட்டு மணி ஆகும் என்பதைப் பெற்றோரிடம் எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.

கழிப்பறைக் கணக்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். போன இடத்தில் இரண்டு கழிப்பறை இருந்து, ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் 40 பேருக்கு ஒரு மணி நேரம் அங்கேயே கரைந்துவிடும். பள்ளியில் போய்விட்டு ஏறச் சொல்வதன் காரணம் அதுதான். பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். மாலையில் தலைவலி என்று சொல்கிறவர்களில் பலர் அவர்கள்தான். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் இருக்க வேண்டும், நான்கு மணிக்கு எல்லோரும் குடித்தார்களா என்று ஒருவர் கேட்டுப் பார்க்க வேண்டும். குளிர்காலம் என்று ஸ்வெட்டர் போட்டு அனுப்புகிறார்கள். மதிய வெயிலில் அதைக் கழற்றிப் பைக்குள் வைக்கச் சொல்லிவிட்டு, திரும்பும் பேருந்தில் போட்டுக்கொள்ளச் சொல்லலாம். தொப்பி அவசியம். வெள்ளை, சிவப்பு, பளிச்சென்ற மஞ்சள் சட்டைகள் வேண்டாம். காக்கி, பழுப்பு, மங்கிய பச்சை நல்லது.

கருவியும் பழக்கமும்

40 பேருக்கு 12 பைனாகுலர் வேண்டும். 8×40 அளவே பிள்ளைகளுக்குப் பொருந்தும். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, 40 என்பது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 10×50 வாங்கினால் இன்னும் நன்றாகத் தெரியும் என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். அது கனமாக இருக்கும், பன்னிரண்டு வயதுக் கை இரண்டு நிமிடத்தில் நடுங்கிவிடும், பறவையும் கூடவே நடுங்கும். இதோடு முக்காலியில் பொருத்திய ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப் (ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி) இருந்தால் போதும். அதை 20 மடங்கிலேயே, குட்டையான பிள்ளையின் கண் உயரத்துக்கு வைக்க வேண்டும். உயரமானவர்கள் குனிந்து பார்த்துக்கொள்ளலாம், குட்டையானவர்கள் எம்பிப் பார்த்தால் முக்காலி ஆடும்.

பைனாகுலரைக் கரையில் முதன்முதலாகக் கையில் கொடுத்தால் முதல் அரை மணி நேரம் வீண். “கறுப்பாத் தெரியுது மிஸ்” என்ற குரல் எல்லாப் பக்கமும் கேட்கும். முந்தைய வாரம் பள்ளி மைதானத்தில் ஒரு பாடவேளை ஒதுக்கினால் போதும். முதலில் வாரைக் கழுத்தில் மாட்டச் சொல்ல வேண்டும். பிறகு இரண்டு குழல்களையும் மெல்ல மடக்கி, இரண்டு வட்டங்கள் ஒரே வட்டமாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். கறுப்பாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இந்த இடைவெளி பொருந்தாததே காரணம். சின்ன முகத்துக்குப் போதுமான அளவு மடங்காத கருவிகளும் உண்டு, அவற்றை வாங்கும்போதே ஒரு பிள்ளையின் முகத்தில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். கண்ணாடி போட்டவர்கள் கண்ணாடியைக் கழற்றாமல், கண்பக்க ரப்பர் விளிம்பை மடித்துவிட்டுப் பார்க்கலாம். வலக்கண் பக்கத்தில் தனியாகத் திருகும் வளையம் ஒன்று இருக்கும். ஒரு கருவியை மூவர் மாற்றி மாற்றிப் பார்க்கும்போது ஆளாளுக்கு அதைத் திருகினால் யாருக்கும் தெளிவாகத் தெரியாது. அதைச் சுழியில் வைத்து டேப் ஒட்டிவிட்டு, நடுச் சக்கரத்தை மட்டும் திருகப் பழக்குவது நல்லது.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமான பழக்கம் ஒன்று உண்டு. பறவையை முதலில் வெறுங்கண்ணால் பார்க்க வேண்டும். பார்வையை அதன்மேலிருந்து எடுக்காமலேயே பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். பிள்ளைகள் கருவியைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்வார்கள், அதற்குள் பறவையைத் தொலைத்துவிடுவார்கள். மைதானச் சுவரில் எழுத்துகளை ஒட்டிப் படிக்கவைத்தால் பத்து நிமிடத்தில் கை பழகிவிடும். சூரியனை அதன் வழியே பார்க்கவே கூடாது என்பதையும் அன்றே சொல்லிவிட வேண்டும். மாலையில் சூரியன் தாழ்ந்து நிற்கும்போது இது வெறும் எச்சரிக்கை அல்ல, நிஜமான ஆபத்து.

மரமும் தாளும்

கரைக்கு வந்ததும் பத்துப் பத்துப் பேராக நான்கு குழு. குழுவுக்கு ஒரு பெரியவர், பேருந்தும் முதலுதவியும் ஒருவர் பொறுப்பு, மொத்தத்தையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆசிரியர். குழுக்கள் ஒன்றுக்கொன்று முப்பது நாற்பது மீட்டர் தள்ளி, வெயில் முதுகில் விழும்படி உட்கார வேண்டும். நிற்கும் பிள்ளை பேசும், உட்கார்ந்த பிள்ளை பார்க்கும். கரையின் தண்ணீர்ப் பக்கச் சரிவில் யாரும் இறங்கக் கூடாது.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஒரு மரம். மரத்தைத் தாளின் பின்பக்கம் படமாக வரைந்து, தெளிவாகத் தெரியும் கூடுகளில் ஒன்பதுக்கு எண் போட்டுக்கொள்ள வேண்டும். பத்துப் பேரில் மூவர் மூவராக மூன்று அணி, அணிக்கு மூன்று கூடு, ஒரு பைனாகுலர். ஒருவர் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் எழுத, மூன்றாமவர் வெறுங்கண்ணால் மரத்துக்கு வந்து போகும் பறவைகளை எண்ணுவார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறினால் முப்பது நிமிடத்தில் மூவருக்கும் எல்லா வேலையும் கிடைத்துவிடும். பத்தாவது பிள்ளை கடிகாரம் பார்த்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கையைத் தூக்குவார். அவருக்குக் கைம்மாறாக ஸ்கோப்பில் முதல் முறை.

தாளில் ஏழு வரிசை: 3.10, 3.15 என்று 3.40 வரை. கை தூக்கிய அந்தக் கணத்தில் கூட்டில் என்ன நடக்கிறது என்பதை ஓர் எழுத்தில் குறிக்க வேண்டும். உட்கார்ந்திருந்தால் உ, நின்றால் நி, சிறகை விரித்து நிழல் கொடுத்தால் சி, இரை ஊட்டினால் இ, பெரிய பறவை இல்லையென்றால் 0. இவ்வளவுதான்.

“எங்கே? எங்கே?” என்ற கூச்சல்தான் கரையின் அமைதியைக் கெடுப்பது. அதற்கு மரத்தைக் கடிகார முகமாக எண்ணிக்கொள்வது நல்ல வழி. ‘உச்சி 12 மணி, வலக்கோடி 3 மணி’ என்று வைத்துக்கொண்டால், ‘நாலு மணிக்கிளை, நடுவில்’ என்று தாழ்ந்த குரலில் சொன்னாலே எல்லாக் கண்ணும் அங்கே போய்விடும்.

அரை மணி நேரம் ஒரே மரத்தைப் பார்த்தால் சலிக்காதா என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. முதல் ஏழெட்டு நிமிடம் சலிக்கும். அப்போது பெரியவர் வேறு எதையும் காட்டாமல் பொறுத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு கண் பழகி, மரம் தன்னைக் காட்டத் தொடங்கும். சங்குவளை நாரை பெரும்பாலும் உச்சிக்கிளையில் கூடு கட்டும். மஞ்சள் அலகு, மயிரற்ற செம்மஞ்சள் தலை, மார்பில் கறுப்புப் பட்டை, வாலருகே சாயம் தோய்த்ததுபோல் இளஞ்சிவப்புச் சிறகு. ஒன்று பறந்து வந்து கூட்டின் விளிம்பில் இறங்குகிறது. இணை தலையை மேலே கீழே ஆட்டி அலகைத் தட்டுகிறது. குஞ்சுகள் கழுத்தை நீட்டிக் கத்துகின்றன. வந்த பறவை தலையைக் குனிந்து, தொண்டை புடைக்க, மீன்களைக் கூட்டின் தரையில் கக்குகிறது. வாயில் ஊட்டுவதில்லை, கொட்டிவிடுகிறது. குஞ்சுகள் முண்டியடித்துப் பொறுக்குகின்றன. வெயில் உறைக்கும் பிற்பகலில் சில நேரம் மீனுக்குப் பதில் தண்ணீரை ஏந்தி வந்து குஞ்சுகளின் மேல் ஊற்றும். அதைப் பார்த்த பிள்ளையை அதன்பின் அங்கிருந்து எழுப்புவதுதான் கடினம்.

பக்கத்துக் கூட்டில் ஆளில்லாத நேரம் பார்த்துச் சுள்ளியை உருவிக்கொண்டு வரும் பறவைகளும் உண்டு. அதற்குத் தாளில் எழுத்து ஒதுக்கவில்லையே என்று பிள்ளைகள் கேட்டால், ‘தி’ என்று அவர்களே சேர்த்துக்கொள்ளட்டும்.

நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் ஒட்டாமல் இடைவெளி விட்டிருக்கும். குஞ்சுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். ஸ்கோப்பில் இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டினால் ஒரு முழுப் பாடமே நடந்துவிடும். அதேபோல், இளஞ்சிவப்பு ஏறாத மங்கலான இளம் சங்குவளை நாரையை ‘வேறு பறவை’ என்று பிள்ளைகள் எண்ணுவார்கள். உடனே திருத்தாமல், அது எந்தக் கூட்டில் நிற்கிறது, யாரிடம் இரை கேட்கிறது என்று பார்க்கச் சொன்னால் விடையை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

எங்கே பிசகும்

பெயர்ப் பட்டியல் முதல் பிசகு. கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், வக்கா, பாம்புத்தாரா, நீர்க்காகம், சாம்பல் நாரை என்று நடந்துகொண்டே ஒப்பித்தால் எதுவும் தங்காது. ஆறு பெயர் போதும். மீதி, பிள்ளைகள் கேட்டால்.

இரண்டாவது, ‘சைபீரியாவிலிருந்து வந்து இங்கே முட்டையிடுகின்றன’ என்ற கதை. பலகைகளிலும் பேச்சிலும் வேரூன்றிவிட்ட பிழை இது. மரங்களில் கூடு கட்டுகிற நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், கரண்டிவாயன் ஆகியவை நம் நாட்டுப் பறவைகள். தண்ணீரும் இரையும் இருக்கும் இடம் தேடி நாட்டுக்குள்ளேயே இடம் பெயர்பவை. வடக்கே குளிர் நாடுகளிலிருந்து வருகிற நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவை இங்கே முட்டையிடுவதே இல்லை. குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் தாயகம் திரும்பித்தான் கூடு வைக்கும். ‘கூடு உள்ளவை உள்ளூர், கூடில்லாமல் மிதப்பவை விருந்தாளி’ என்று இந்த ஏரியை மட்டும் வைத்துச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பிடிபடும்.

மூன்றாவது, கூட்டமாகக் கோபுரம் ஏறுவது. 40 பேர் ஏறினால் முன்னால் நிற்கும் ஆறு பேர் மட்டுமே பார்ப்பார்கள், தளம் அதிர்ந்து ஸ்கோப்பும் பயன்படாது. பத்துப் பத்துப் பேராக, ஐந்து நிமிடம்.

நான்காவதுதான் உண்மையில் தீங்கு. விசில், கைத்தட்டல், ஒலிபெருக்கியில் விளக்கம், பறவையைப் பறக்கவைத்துப் படமெடுக்கக் கல்லெறிவது. பெரிய பறவை பதறி எழுந்தால் குஞ்சின் மேல் நேர் வெயில் விழும், காகமும் பருந்தும் அந்த நேரத்துக்காகவே காத்திருக்கும். பயணத்துக்கு முன்பே வகுப்பில் இந்தக் காரணத்தைச் சொல்லிவிட்டால் அதட்ட வேண்டியிருக்காது. ‘சத்தம் போடாதே’ என்பதைவிட ‘நீ கத்தினால் அந்தக் குஞ்சு வெயிலில் காயும்’ என்பது ஏழாம் வகுப்புக்கு நன்றாகவே புரிகிறது. கீழே விழுந்த இறகையும் எடுத்துவரக் கூடாது. சரணாலயத்தில் எதையும் பொறுக்கக் கூடாது என்பதைக் கரை ஏறுமுன் சொல்லி, திரும்பும்போது பைகளை ஒருமுறை பார்த்துவிடலாம்.

ஊரும் ஏரியும்

நான்கரை மணிக்கு, தின்பண்டம் முடிந்ததும், இருபது நிமிடம் ஊர்க்காரர் ஒருவரோடு உட்கார வேண்டும். இதை விட்டுவிட்டால் வேடந்தாங்கலில் பாதிதான் பார்த்ததாகும். பறவை எச்சம் விழுந்து தழைச்சத்து ஏறிய ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது. அதனால்தான் இந்த ஊர் தலைமுறைகளாகப் பறவைகளைக் காத்துவருகிறது, தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட, செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-இல் காவல் உரிமையை ஒப்புக்கொண்டு ‘கௌல்’ என்ற உறுதிப்பத்திரம் எழுதிக் கொடுத்தார். 1858-இல் ஊரார் அதைப் புதுப்பித்து வாங்கினார்கள். 1936-இல் சரணாலயம் ஆனது, 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

ஆனால் ஆண்டுகளை ஆசிரியர் வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம். கரையில் பிள்ளைகள் கேட்க வேண்டியது வேறு: “தாத்தா, ஏரித் தண்ணி பாயுற வயலுக்கு எத்தனை மூட்டை யூரியா போடுவீங்க? போர் தண்ணி பாயுற வயலுக்கு எத்தனை?” இந்த இரண்டு எண்களையும் தாளில் எழுதிக்கொண்டு வந்தால் அறிவியல் ஆசிரியருக்கு அடுத்த வாரப் பாடம் தயார்.

திரும்பும் பறவைகளை எண்ணுவது

ஐந்து மணி முதல் 5.40 வரை கடைசி வேலை. எதிர்க்கரையில் இரண்டு பனைமரங்களையோ வேறு இரண்டு அடையாளங்களையோ குறித்துக்கொண்டு, அவற்றுக்கு இடையே ஏரிக்குள் நுழைபவற்றை மட்டும் எண்ண வேண்டும். வானம் முழுவதையும் எண்ண முயன்றால் ஒரே கூட்டத்தை நான்கு குழுவும் எண்ணிவிடும். பெரிய கூட்டம் வந்தால் முதல் பத்தை எண்ணி, அந்தப் பத்தின் அகலத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு, எத்தனை பத்து என்று அளக்க வேண்டும். இதையும் பள்ளியிலேயே தாளில் அரிசியைத் தூவிப் பழகலாம். பத்து பத்து நிமிடமாக நான்கு கட்டம், ‘கொக்கு, நீர்க்காகம், நாரை, மற்றவை’ என நான்கு பத்தி. இருட்டத் தொடங்கும்போது கொக்குகள் வந்து குவிய, அதே நேரத்தில், இரவில் இரை தேடும் வக்காக்கள் எதிர்த்திசையில் கிளம்பும். அவற்றைக் கழிப்பதா, தனியாக எழுதுவதா என்று பிள்ளைகளுக்குள் வாக்குவாதம் வரும். அது அவர்களே தீர்க்க வேண்டிய வழக்கு.

மறுநாள் வகுப்பில் ஒரே மரத்தைப் பார்த்த மூன்று அணிகளும் எழுதிய ‘வந்து போன பறவைகள்’ எண்ணிக்கையை அருகருகே கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். ஒன்று 14 என்றும் இன்னொன்று 19 என்றும் இருக்கும். எது சரி என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மரத்தைச் சுற்றிப் பறந்துவிட்டு அதே மரத்தில் இறங்கிய பறவையை எப்படி எண்ணினீர்கள் என்று மட்டும் கேட்கலாம். எல்லாத் தாள்களின் படியையும் வனத்துறை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, மூலத்தை மரத்தின் படத்தோடு பள்ளியில் பத்திரப்படுத்த வேண்டும். அடுத்த ஆண்டு ஏழாம் வகுப்பு அதே இடத்தில் உட்கார்ந்து, அதே மரத்தில், மூன்று மணி பத்து நிமிடத்துக்குத் தொடங்கும்.